பாறையும் பந்தயத் தடமும்: செயற்கை நுண்ணறிவுக்கு உரிய இடம்

கார்ப் பந்தயத்தில் செயற்கை நுண்ணறிவு என்றதும் பேச்சு வியூகத்தின் பக்கமே சாய்கிறது: எந்தச் சுற்றில் டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு வருவது, எந்த டயரை மாட்டுவது. அதற்கு உரிய முதன்மையான இடம் வியூகமன்று, வடிவமைப்பே என்பது இக்கட்டுரையின் வாதம். வாதத்தைக் கோலார் தங்கவயலிலிருந்து தொடங்கலாம்.

அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வளவு ஆழத்தில், தோண்டிய வெற்றிடத்தைச் சூழ்ந்த பாறை அழுத்தம் தாளாமல் சட்டென்று வெடித்துச் சிதறும். பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்த இந்த ‘ராக் பர்ஸ்டை’ அறிய நில அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கே அமைந்தது. எப்பகுதி ஆபத்தானது என்பதைப் பதிவுகள் காட்டின. எப்போது வெடிக்கும் என்பது பிடிபடவில்லை. ஆகவே தோண்டும் ஒழுங்கு மாற்றப்பட்டது. கருங்கல் அடுக்குச் சுவர்கள் இருந்த இடத்தில் கான்கிரீட் வந்தது. நேரத்தைக் கணிக்க முடியாத நிலையில், வெடித்தாலும் தாங்கும்படி சுரங்கத்தை அமைப்பதே வழியாயிற்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தத் தர்க்கம் காலாவதியாகவில்லை.

இனி, அதுபோலவே ‘எப்போது’ என்று கணிக்க முயலும் பந்தய வியூகத்துக்கு வருவோம். டயர் தேய்மானம், எரிபொருள் எடை, பிட்டில் இழக்கும் நொடிகள், பாதுகாப்புக் கார் வரும் வாய்ப்பு ஆகியவற்றை வைத்து அணிகள் ஒரே பந்தயத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கின்றன. வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். ஆனால், 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் நடந்தது என்ன? மிஷெலின் டயர்கள் சரிவான கடைசி வளைவைத் தாங்கா என்று தெரியவந்ததால், அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே ஓடின. ஜோர்டான் அணியின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்றில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அந்த முடிவைத் தீர்மானித்தவை டயர் நிறுவனத்தின் கடிதமும் நிர்வாகிகளின் பிடிவாதமும். முந்தைய பந்தயங்களை மட்டும் படித்த எந்த நிரலுக்கும் இவை எட்டியிரா.

வடிவமைப்பின் நிலை வேறு. ஓர் இறக்கையின் மீது காற்று பாய்வதைக் கணினியில் முழுமையாகக் கணக்கிட மணிக்கணக்காகும். முன்பே கணக்கிட்ட ஏராளமான வடிவங்களில் பயின்ற நரம்பு வலையமைப்பு நொடிகளில் மதிப்பிட்டுவிடும். தேறும் சிலவற்றைக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கலாம். சோதனைக்கே உச்சவரம்பு விதிக்கப்பட்ட விளையாட்டு இது: சாம்பியன் அணிக்கு அடிப்படை ஒதுக்கீட்டில் 70 விழுக்காடும், பத்தாம் இடத்து அணிக்கு 115 விழுக்காடும் கிடைக்கின்றன. இந்நிலையில் விரைவான மதிப்பீடு பொன்னுக்குச் சமம்.

வடிவமைப்பிலும் கணினி ஏமாறாதா என்று கேட்கலாம். ஏமாந்தது. 2022இல் காரின் அடித்தளம் வழியே கீழழுத்தம் பெறும் புதிய விதி வந்தபோது, நேர்ச்சாலையில் கார்கள் துள்ளத் தொடங்கின. பெரும்பாலான அணிகள் அதை எதிர்பார்க்கவில்லை. தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அணிப் பட்டம் வென்ற மெர்சிடிஸ், அவ்வாண்டு ஒரே ஒரு பந்தயத்தில்தான் வென்றது. ஆயினும் அந்தப் பிழையை அளக்க முடிந்தது, திருத்த முடிந்தது. பிட் சுவரில் எடுத்த தவறான முடிவுக்கு மறுசோதனை கிடையாது.

நம் நாட்டுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். கோயம்புத்தூரின் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி காரை உருவாக்கியபோது அவரிடம் இருந்தவை பட்டறையும் துணிச்சலுமே. நரேன் பழகியதும் அந்தக் காரில்தான். இன்று கரிவர்தன் பெயர் தாங்கிய செட்டிபாளையம் தடத்தில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களுடன் வருகிறார்கள். தனியாக ஒரு கல்லூரியிடம் உள்ள தரவு, நிரலைப் பயிற்றப் போதாது. எனவே அணிகள் தங்கள் வடிவக் கணக்கீடுகளையும் தட அளவீடுகளையும், குறிப்பாகத் தோற்றுப்போன வடிவங்களின் பதிவுகளையும், ஒரு பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். போட்டி நடத்துவோர் அதை நுழைவு விதிகளில் ஒன்றாக்க வேண்டும்.