கால் முந்திப் பிறந்தோரும் இடுப்புப் பிடிப்பும்: ஏடேறாத ஒரு மருத்துவ வழக்கம்

பொட்டிப்புரத்தை வெளியுலகம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வழியாகவே அறியும். மலையடியிலுள்ள அவ்வூரும் சூழ்ந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கும் குனிந்து நிமிரும் உழைப்பால் வாழ்பவை. இத்தகைய உழவூர்களில் ஒருவருக்குத் திடீரென இடுப்புப் பிடித்துக்கொண்டால், பிறப்பின்போது தலைக்கு முன் கால் வெளிவந்த ஒருவரை அழைத்து இடுப்பை மிதிக்கச் செய்வது தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட வழக்கம்.

இதனை வர்ம மருத்துவத்தின் சிதைந்த வடிவமெனக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என வகுக்கும் வர்மத்திற்கு ஆசானும் சுவடியும் உண்டு. அங்கு உரிமை பயிற்சியால் வருவது. மிதிப்பவருக்கோ பிறப்பே தகுதி. மேலும், கால் முந்திப் பிறந்தோர் தேய்த்தோ மிதித்தோ இடுப்பு வலியைத் தீர்ப்பர் என்னும் நம்பிக்கையை வடகிழக்கு ஸ்காட்லாந்திலும் வால்டர் கிரிகோர் 1881இல் பதிவுசெய்துள்ளார். வர்மத்தை அறியாத நாட்டிலும் இது நிலவியிருக்கிறது.

அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர் 1895 செப்டம்பரில் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் சீர்செய்ததைக் கைரோபிராக்டிக் முறையின் தொடக்கமாகக் கூறுவர். (அடுத்த மாதமே பெரியாறு அணை திறக்கப்பட்டது என்பது இப்பள்ளத்தாக்கினர்க்கு நினைவிருக்கும்.) பால்மர் பள்ளி நிறுவினார், நூல் எழுதினார், அவர் முறை தொழிலாயிற்று. மிதிப்பவர் நோய் தீர்ந்ததும் வயலுக்குத் திரும்பினார்.

பயன் எத்தகையது? திடீர் இடுப்பு வலிக்கு முதுகெலும்பை அழுத்திச் சீர்செய்வது போலிச் சிகிச்சையினும் மேம்பட்டதன்று என 2012ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு முடிவுசெய்தது. 26 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் ஆய்வொன்று ஆறு வாரங்கள் வரை சிறிதளவு பயன் கண்டது. இவ்வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. ஆகவே மிதித்தவரின் புகழில் காலத்திற்கும் பங்குண்டு. எலும்பு தேய்ந்த முதியோரையும், கால் மரத்துச் சிறுநீர்க் கட்டுப்பாடு இழந்தோரையும் மிதிப்பது பெருந்தீங்காகும் என்பதையும் மறைத்தலாகாது.

இன்று இவ்வழக்கம் மங்குவதற்கு மருத்துவ எதிர்ப்பு மட்டுமே காரணமன்று. மகப்பேறு மருத்துவமனைக்கு மாறியதும் காரணமாகும். இடம்மாறிக் கிடக்கும் கருவை அறுவை வழியே எடுப்பது பாதுகாப்பானது என 2000ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டுச் சோதனை காட்டியபின், கால் முந்திய இயற்கைப் பேறு மிகவும் அருகிவிட்டது. எஞ்சியிருப்போர் பெரும்பாலும் வீட்டுப் பேற்றில் பிறந்த மூத்த தலைமுறையினரே. அறுவையால் பிறந்த பிள்ளைக்கும் அவ்வுரிமையை ஊர் அளிக்குமா என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.