மாதவிடாய்க்கு முந்திய நாட்களும் மருந்தும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

புத்தளக் கரையோரத்தின் வரலாற்றை ஆராய்வோர், கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் வெளியிட்ட 'சிலோன் கசெற்றியர்' நூலை முதலில் நாடுவது வழக்கம். இடங்களையும் குடிகளையும் விளைபொருள்களையும் தொகுக்க முனைந்த அத்தகைய நூலிற் பெண்களின் மாதாந்த உடல்நோவைத் தேடுவது பொருந்தாது. வேறெங்கே தேடுவது?

மருத்துவ மரபிலே தேடலாம். சூதகவலி, சூதகத்தடை, பெரும்பாடு என்பவற்றுக்குச் சித்த மருத்துவம் சதகுப்பை, பெருங்காயம் முதலிய சரக்குகளைக் கூறும். இவை பெரும்பாலும் உதிரப்போக்கையும் அதனோடு வரும் வலியையும் பற்றியன. அதற்கு முந்திய நாட்களில் தோன்றும் மனச்சோர்வு, எரிச்சல், மார்புநோவு, தலையிடி என்பவற்றை ஒருங்கே ஒரு நோயாக வகுத்தமை மேனாட்டிலும் பிந்திய நிகழ்வேயாகும். 1931 இல் நியூயோர்க் மருத்துவர் றொபேட் பிராங்க் அவற்றை ஓர் இறுக்கநிலையாக விவரித்தார். 1953 இல் இங்கிலாந்தில் கதரினா டால்ரனும் றேமன்ட் கிறீனும் இன்று வழங்கும் பெயரைப் பரப்பினர். பெயர் கிடைத்தமையாற் பெண்ணின் முறைப்பாடு மருத்துவரின் செவிக்கு எட்டியது. அவளது நியாயமான கோபத்தையும் நோயென்று ஒதுக்குவதற்கு அதே பெயர் வசதியாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

பெயரைத் தொடர்ந்து சந்தையும் வந்தது. விற்றமின் பீ6 பெருமளவிற் பரிந்துரைக்கப்பட்டது. அதனை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் உட்கொண்டோருக்குக் கைகால் விறைப்பும் நடைத்தளர்வும் ஏற்பட்டமையை 1983 இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். கல்சியத்துக்கான சான்று சற்று உறுதியானது. 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் பெற்றோரின் உபாதைகள் மூன்றாம் மாதச் சுழற்சியளவில் 48 சதவீதம் குறைந்தன. ஆயின் வெற்று மாத்திரை பெற்றோருக்கும் 30 சதவீதம் குறைந்தமையே, இத்துறையில் அனுபவக் கூற்றுகளை எவ்வளவு நிதானமாக ஏற்கவேண்டும் என்பதைக் காட்டுகிறது.

இங்கேதான் நமது கரையோரம் நினைவுக்கு வருகிறது. உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலையில் அகப்படும் நெத்தலி, முள்ளோடு உண்ணப்படுவதாற் கல்சியம் மிக்க உணவு. முருங்கையிலையும் அவ்வாறானதே. எனினும் இவற்றை எவரும் மாதவிடாய் மருந்தென்று உண்டதில்லை. கடலும் வேலியும் தந்தவையாதலால் உண்டனர். பூப்படைந்த பெண்ணுக்குத் தமிழர் வழக்கிற் சிறப்பாக ஊட்டப்படுபவை உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாம். முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நொச்சி பற்றியும் இவ்வாறே கூறலாம். 2001 இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், 170 பெண்களிடையே மத்தியதரைக்கடல் நாடுகளின் நொச்சியினச் செடியொன்றின் பழச்சாரம் சோதிக்கப்பட்டது. அதனைப் பெற்றோரிற் பாதிப்பேர் வரையிலும், வெற்று மாத்திரை பெற்றோரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினரும் நலம் கண்டனர். நம்மவர் ஆவிபிடிக்கும் நொச்சி அதன் உறவினமே. ஆனால் அதே செடியன்று. சோதிக்கப்பட்டது அதன் பழம். நாம் பயன்படுத்துவது இலை. ஒன்றின் சான்றை மற்றொன்றின் மீது ஏற்றுதல் வணிகர்க்கு உதவும், ஆய்வாளர்க்கு ஆகாது.

கருவாட்டு வாடியில் நாட்கூலிக்கு மீன் கீறி உப்பிடும் பெண்ணுக்கோ, இந்நாட்களில் ஓய்ந்திருப்பின் அன்றைய கூலி இல்லை.