தேவாலயப் பதிவேடுகளும் அவற்றில் தொலைந்த பெயர்களும்

ஆங்கிலக் கவிஞர் ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 23 அன்று பிறந்தார் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே படித்து வருகிறோம். அந்தத் தேதிக்கு எழுத்து ஆதாரம் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம், அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேட்டில் ஏப்ரல் 26ஆம் தேதியிட்டு லத்தீனில் எழுதப்பட்ட ஒரே ஒரு வரிதான். ஜானின் மகன் வில்லியமுக்கு அன்று ஞானஸ்நானம் நடந்தது என்பதே அதன் பொருள். பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அக்கால வழக்கம். எனவே பிற்காலத்தவர் மூன்று நாள் பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரு பிறந்த நாளை வைத்துக்கொண்டார்கள். அவர் இறந்ததும் ஏப்ரல் 23 என்பதால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வரி உள்ள ஏடு 1564இல் எழுதப்பட்டதே அல்ல; 1600 வாக்கில் பழைய ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டது. உலகமே அறிந்த ஒருவரின் பிறப்புக்குச் சான்று, ஒரு சடங்கைப் பற்றிய குறிப்பின் பிரதி!

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்த இந்தத் தேவாலயப் பதிவேடுகள்தான் ஐரோப்பாவின் சாதாரண மக்களைப் பற்றி ஆராய்பவர்களுக்கு முதல் ஆதாரம். மன்னர்களுக்கு வரலாற்றாசிரியர்கள் இருந்தார்கள். கூடை முடைந்தவருக்கும் துணி தைத்தவருக்கும் இந்த ஏடுகளை விட்டால் வேறு எழுத்து இல்லை. இது கிறித்தவ வரலாறுதானே, நமக்கென்ன என்று வாசகர்கள் கருத வேண்டாம். அந்நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த, அல்லது கொண்டு செல்லப்பட்ட முஸ்லிம்கள் பலரின் கடைசிச் சுவடும் இந்த ஏடுகளில்தான் கிடக்கிறது. அதனாலேயே இவற்றைப் படிக்கும் முறை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

இங்கிலாந்தில் இதைத் தொடங்கி வைத்தவர் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். 1538 செப்டம்பரில் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். நம் மஹல்லாவைப் போல ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதியைப் 'பங்கு' என்பார்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு புத்தகம் வைக்க வேண்டும். அந்த வாரத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் அனைத்தையும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாதிரியார் நிர்வாகியின் முன்னிலையில் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒரு சாவியைப் பாதிரியாரும் மற்றொன்றைத் தேவாலய நிர்வாகிகளும் வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். மக்கள் இதை நம்பவில்லை. பிறப்புக்கும் இறப்புக்கும் புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

முதலில் பலர் மலிவான காகிதத்தில் எழுதினார்கள். அது கிழிந்தும் நனைந்தும் போகவே, பதனிட்ட தோலில் எழுத வேண்டும், பழைய ஏடுகளையும், குறிப்பாக எலிசபெத் ராணி பட்டமேறிய 1558க்குப் பிந்தியவற்றை, தோலில் படியெடுக்க வேண்டும் என்று 1598இல் உத்தரவானது. படியெடுத்தவர்களில் பலர் அந்தக் 'குறிப்பாக' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 1558க்கு முந்தியதைத் தொடவே இல்லை. இருபது ஆண்டுகளின் பெயர்கள் அப்படியே போயின. நல்லவேளையாக, ஆண்டுதோறும் ஒரு பிரதியை பிஷப்புக்கு அனுப்பவும் அதே உத்தரவு சொன்னது. மூல ஏடு எரிந்துபோன ஊர்களில் இன்று அந்தப் பிரதிதான் கைகொடுக்கிறது. இரண்டும் இருக்கும் இடத்தில் ஒப்பிட்டால் பெயர் மாறியிருக்கும், தேதி மாறியிருக்கும், சில வேளை ஆளே விடுபட்டிருப்பார்.

பெயர்களிலிருந்து எண்களுக்கு

இந்த ஏடுகளை வெறும் வம்சாவளி தேடுவதற்கு மட்டும் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. பிரான்சைச் சேர்ந்த லூயி ஆன்றி 1950களில் புதிய வழியைக் காட்டினார். ஒரு பெண்ணின் ஞானஸ்நானத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அவளுடைய திருமணத்தை இன்னொரு சீட்டில். பிள்ளைகளின் ஞானஸ்நானங்கள், அவர்களில் இறந்தவர்களின் அடக்கம், கடைசியில் அவளுடைய அடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பிறகு சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். எந்த வயதில் மணந்தாள், எத்தனை ஆண்டு இடைவெளியில் பெற்றாள், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தாள் என்று ஒரு குடும்பத்தின் கதை முழுதும் எழுந்து வரும். அவளைப் பற்றி யாரும் ஒரு பத்தி எழுதாத போதும் இது முடியும்.

இந்த முறையை இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள கோலிட்டன் என்ற சிற்றூரில் பயன்படுத்தினார் ரிக்லி. 1966இல் வெளியான அவருடைய ஆய்வு பலரை வியக்க வைத்தது. முற்காலத்தில் எல்லாப் பெண்களும் பதினைந்து பதினாறில் மணமுடித்தார்கள் என்றுதான் படித்தவர்களும் நம்பி வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கோலிட்டன் பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக ஏறக்குறைய 30! பின்னர் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் ஏடுகளை வைத்து 1541 முதல் 1871 வரை இங்கிலாந்தின் மக்கள்தொகையைக் கணக்கிட்டு 1981இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். அரசு முதன்முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தது 1801இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுதத் தெரியாதவர் ஒரு குறியிட்டார். அந்தக் குறிகளை எண்ணியே அக்கால எழுத்தறிவை அளக்கிறார்கள். அன்று ஆண்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் கையெழுத்திட்டார்கள். பெண்களில் நான்கு பேர் கூட இல்லை. நம் நிக்காஹ் பதிவேடுகளிலும் கையெழுத்தும் கைரேகையும் இருக்கின்றன. அவற்றை இப்படி யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

ஏடு சொல்லாதவை

ஏட்டை அப்படியே நம்புவதும் ஆபத்து. ஏடு சடங்கைத்தான் எழுதும், வாழ்க்கையை அல்ல. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தை அந்தப் பட்டியலில் வராது. யூதர்களும், குவேக்கர்களும், அரசுத் தேவாலயத்தை ஏற்காத பிற பிரிவினரும் ஓரளவுக்கே வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். 1640களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. அக்காலத்தில் யாருமே பிறக்கவில்லை என்று முடிவு கட்ட முடியுமா?

சட்டமும் ஏட்டை வளைக்கும். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள். பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. உடனே சில ஊர்களில் ஏழைகள் பெருகிவிட்டார்கள்! சிலர் வரி தொடங்கும் முன் அவசரமாக ஞானஸ்நானம் முடித்தார்கள், சிலர் வரி நீங்கிய 1794 வரை தள்ளிப்போட்டார்கள். இது தெரியாமல் அந்த எண்களைப் படிப்பவர், 1783இல் பிள்ளைப்பேறு திடீரென்று கூடியது என்று கட்டுரை எழுதிவிடுவார்.

கஃபன் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. 1666 முதல் இங்கிலாந்தில், கம்பளித் துணியால் அல்லாமல் வேறு துணியால் பிரேதத்தைச் சுற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. மார்க்கக் காரணம் எதுவும் இல்லை. உள்நாட்டுக் கம்பளி விற்க வேண்டும், அவ்வளவுதான்! மீறினால் ஐந்து பவுண்டு அபராதம். லினன் துணியில் அடக்கம் செய்ய விரும்பிய பணக்காரர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு விரும்பியபடி செய்தார்கள். அடக்கப் பதிவுகளின் ஓரத்தில் காணப்படும் கம்பளிக் குறிப்புகளுக்கு இதுதான் காரணம்.

நம்மவர் பெயர்கள்

லண்டனின் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள புனித பொட்டால்ஃப் தேவாலயத்தில் தாமஸ் ஹாரிடன்ஸ் என்றோர் எழுத்தர் இருந்தார். மற்றவர்கள் ஒரு வரியில் முடிப்பதை அவர் அரைப்பக்கம் எழுதுவார். 1597 ஜூன் 3 அன்று மேரி ஃபில்லிஸ் என்ற இருபது வயதுப் பெண்ணுக்கு நடந்த ஞானஸ்நானத்தை அவர் எழுதி வைத்துள்ளார். மொராக்கோவைச் சேர்ந்தவள், பதின்மூன்று பதினான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறாள், தையல்காரப் பெண் ஒருவரிடம் வேலை செய்கிறாள், தந்தை கூடை முடைபவர், மண்வாரி செய்பவர். ஆறேழு வயதில் அவள் எப்படி லண்டன் வந்தாள், தாய் யார், வீட்டில் அவளை எப்படி அழைத்தார்கள் என்பவற்றை அவர் எழுதவில்லை. ஆனாலும் மொராக்கோவில் வாழ்ந்த ஒரு கூடைக்காரரின் தொழிலை நானூறு ஆண்டுகள் கழித்து நாம் அறிவது அந்த ஓர் எழுத்தரின் பொறுமையால்தான்.

இதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, 1586 அக்டோபர் 2 அன்று, சினானோ என்ற துருக்கியர் லண்டனில் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ஆனார். 25 ஆண்டுகள் ஸ்பானியர்களிடம் அடிமையாக இருந்தவர். டிரேக்கின் கப்பல்கள் அவரை மீட்டு வந்தன. அன்று நிகழ்ந்த பிரசங்கம் அச்சிடப்பட்டதால் இவ்வளவும் தெரிகிறது. 1616 டிசம்பர் 22 அன்று புனித டயோனிஸ் தேவாலயத்தில் வங்கக் கடலோரத்திலிருந்து கொண்டு வரப்பட்ட ஓர் இளைஞருக்குப் பீட்டர் என்று பெயரிட்டார்கள். பெயரைத் தேர்ந்தவர் முதலாம் ஜேம்ஸ் மன்னரே. பெற்றோர் அவருக்கு வைத்த பெயரோ ஏட்டில் இல்லை. அவர் எந்த மார்க்கத்தில் பிறந்தார் என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை நாமாக நிரப்பி, இவர் நம்மவர்தான் என்று உரிமை கொண்டாடுவது ஆய்வு ஆகாது.

ஸ்பெயினின் கதை இன்னும் கசப்பானது. அங்கே ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கிய முன்னோடிகளில் ஒருவர் கார்டினல் சிஸ்னெரோஸ். 1497, 1498ஆம் ஆண்டுகளில் அவர் கூட்டிய மார்க்கச் சபைகள் அந்த விதியை வகுத்தன. அடுத்த ஆண்டே அவர் கிரானடாவுக்குச் சென்றார். 1491 உடன்படிக்கையில் முஸ்லிம்களின் மார்க்கத்துக்கு அளித்த வாக்குறுதி மீறப்பட்டு, மக்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானத்துக்கு உள்ளாக்கப்பட்டார்கள். அப்போது எழுதப்பட்ட சில பட்டியல்களில் பழைய முஸ்லிம் பெயரும் புதிய கிறித்தவப் பெயரும் அருகருகே உள்ளன. ஒரு சமுதாயம் பெயரிழந்த தருணமே வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்களின் சந்ததிகளான மொரிஸ்கோக்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் 1609க்கும் 1614க்கும் இடையே நாடு கடத்தப்பட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றிருந்தும் அவர்களை விடவில்லை. இன்று அந்த ஊர்களில் யார் எங்கே வாழ்ந்தார்கள் என்று தேடுபவர்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தியவர்கள் எழுதிய அதே ஏடுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து சென்ற இரு பிள்ளைகள்

நம் பக்கத்திலும் இத்தகைய ஏடுகள் உண்டு. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அங்கு எலிஹு யேலின் திருமணம் நடந்தது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேதான். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆங்கிலேயருக்கு இந்தியப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானங்கள் அவற்றில் உண்டு. தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தந்தையின் பெயரும் பதவியும் முழுமையாக இருக்கும் இடத்திலும் தாயின் பெயர் பல நேரம் இருக்காது, அல்லது அவளுக்கும் ஒரு கிறித்தவப் பெயர் மட்டும் இருக்கும்.

ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், சையித் குடும்பத்துப் பெண் கைருன்னிஸாவை மணந்தார். சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என்று இரண்டு பிள்ளைகள். 1805இல் இருவரையும் சென்னையிலிருந்து கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் ஓவியர் சின்னரி அவர்களை முஸ்லிம் பிள்ளைகளின் உடையில் வரைந்தார். அதே ஆண்டு தந்தை கல்கத்தாவில் இறந்தார். 1806 மார்ச் 25 அன்று லண்டன் மேரிலெபோன் தேவாலயத்தில் சாஹிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனார். சாஹிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனார். தாய் கைருன்னிஸா பிள்ளைகளை மீண்டும் பார்க்காமலே 1813இல் இறந்தார்.

கேத்தரின் வளர்ந்து, மணமுடித்து, தாயானார். 1841இல் ஒரு வீட்டில் அந்தப் பழைய ஓவியத்தைக் கண்டார். அதன் தொடர்ச்சியாக, ஹைதராபாத்தில் பாட்டி ஷரஃபுன்னிஸா இன்னும் உயிரோடிருப்பது அவருக்குத் தெரிய வந்தது. பாட்டி பாரசீகத்தில் சொல்ல எழுதியதும் பேத்தி ஆங்கிலத்தில் எழுதியதுமாக ஆறு ஆண்டுகள் கடிதம் நடந்தது. இருவரும் கடைசி வரை சந்திக்கவில்லை.