பீளமேட்டு வானில் யார் முதலில்?

கோவை காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் இடமில்லை என்றால் உக்கடம் பஸ் வாசலிலேயே நின்று ஹாரன் அடிக்கும். பீளமேட்டு வானத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. விமானம் காத்திருப்பதானாலும் பறந்துகொண்டேதான் காத்திருக்க வேண்டும்.

1940இல் பீளமேட்டில் விமான நிலையம் திறந்தபோது விமானங்களை வரிசைப்படுத்தும் வித்தை உலகத்துக்கே புதிது. 1929இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலியும் குடையும் வைத்துக்கொண்டு ஓடுபாதை ஓரம் போய் நின்றார். கட்டம் போட்ட கொடி காட்டினால் போகலாம். சிவப்பு என்றால் பொறு. அவ்வளவுதான் அன்றைய கட்டுப்பாட்டுக் கோபுரம்.

மேகத்துக்குள் இருப்பவனுக்குக் கொடி தெரியாது. ரேடியோ வந்த பிறகு, வரிசையை மேலிருந்து கீழாக அடுக்கினார்கள். ஒரே இடத்துக்கு மேலே ஆயிரம் அடிக்கு ஒன்றாக விமானங்கள் வட்டமடிக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம். அடியில் இருப்பது இறங்கியதும் மற்றவை ஒவ்வொரு படி கீழே வரும். ரேடார் இல்லாத அந்த நாளில் கட்டுப்பாட்டாளரின் கண் காகிதச் சீட்டுதான். விமானத்தின் பெயர், ரகம், உயரம், வந்துசேரும் நேரம் எல்லாம் விரல் அகலச் சீட்டில் எழுதி, சட்டத்தில் செருகி, பலகையில் வரிசையாக வைப்பார். வானில் இடம் மாறினால் பலகையிலும் சீட்டு நகர வேண்டும். ரேடார் திரை வந்த பிறகும் சீட்டு சுலபத்தில் ஒழியவில்லை.

முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பதுதான் பொது வழக்கம். அவசரநிலை என்றால் மற்ற எல்லோரும் ஒதுங்க வேண்டும். ஆனால் விசிறி சுழலும் ஏடிஆர் விமானம் முன்னே மெதுவாகப் போக, பின்னால் ஏர்பஸ் ஜெட் நெருங்கிவிடும். அதன் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். இல்லையேல் கொஞ்சம் சுற்றிவரச் சொல்லலாம்.

காற்றும் வரிசையில் தலையிடும். விமானம் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று, தென்மேற்கு நோக்கி இறங்குவதற்குத் தோதானது.

போதாததற்கு, பதினைந்து கிலோமீட்டருக்குள் சூலூர் விமானப்படைத் தளம். 1980களில் ஓடுபாதையை நீட்ட பீளமேட்டை மூடியபோது கோவைப் பயணிகள் 1987 வரை அங்கேதான் ஏறி இறங்கினார்கள். இன்று அங்கிருந்து தேஜஸ் போர் விமானங்கள் கிளம்புகின்றன. பீளமேட்டில் அடுத்து யார் இறங்குவது என்று முடிவெடுப்பவர், சூலூரில் யார் மேலே ஏறுகிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும்.