கறிவேப்பிலைக்கும் ஒரு பழைய தாள் உண்டு: பல்கலைக்கழகத் தாவரத் தொகுப்புகள் இணையத்துக்கு வரும் விதம்

தோட்டத்து வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் இல்லாமல் இருக்காது. லயத்தை இடித்து மக்களை அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும், மாடிப்படி ஓரத்துத் தொட்டியில் அது கூடவே வந்துவிட்டது. அதன் அறிவியல் பெயர் பெர்கெரா கோனிகீ. அந்தப் பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். யோஹான் கெர்ஹார்ட் கோனிக், சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்தவர். 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பத்து ஆண்டுகள் கழித்துக் கப்பலேறி சயாம், மலாக்கா வரை வந்து செடிகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார்.

அவர் காயவைத்த செடிகள் லண்டன், கோப்பன்ஹேகன், சுவீடனின் லுண்ட் என்று பிரிந்துபோயின. அவற்றில் பின்னிரண்டும் பல்கலைக்கழக நகரங்கள். தரங்கம்பாடியிலோ மலாக்காவிலோ இருப்பவர் அந்தத் தாள்களைப் பார்க்க வேண்டுமானால், ஐரோப்பாவுக்கு விமானச் சீட்டு வாங்கவேண்டிய நிலைதான் நெடுங்காலம் இருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் அது மாறி வருகிறது. உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் அலமாரிகளைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

ஹெர்பேரியம் என்றால் என்ன?

செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, நாளிதழ்த் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி, காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி வைப்பார்கள். தாள் ஏறக்குறைய ஏ3 அளவு. இப்படிச் சேர்த்த தாள்களின் களஞ்சியமே ஹெர்பேரியம். (பழைய நாளிதழ் இதற்கும் உதவுகிறது என்பதில் எங்கள் தொழிலுக்குச் சிறு பெருமை.) தமிழில் சிலர் இதை ‘மூலிகையகம்’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. மருந்துச் செடி மட்டுமல்ல, லாலாங் புல்லும் தொட்டாச்சிணுங்கியும் பால்மரமும் அங்கே உண்டு. ‘உலர்தாவரத் தொகுப்பு’ என்றால் பொருள் சரியாக நிற்கும்.

நியூயார்க் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் பட்டியலின்படி, உலகில் சுமார் 3,500 ஹெர்பேரியங்களில் ஏறக்குறைய 40 கோடி மாதிரிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. நமக்குப் பக்கத்தில் இருப்பவை: கெப்போங் வன ஆய்வுக் கழகம் ‘கேஇபி’, மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் ‘யுகேஎம்பி’, சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா ‘எஸ்ஐஎன்ஜி’, மலாயாப் பல்கலைக்கழகம் ‘கேஎல்யு’, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ‘எஸ்ஐஎன்யு’.

கடைசி இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம், 1962-இல் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது. கோலாலம்பூர்த் தொகுப்பு இன்று வளாகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. அந்தப் பூங்கா 1974-இல் அமைந்தது. தாழை இனங்களில் உலகப் பெயர் பெற்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பெஞ்சமின் ஸ்டோன் 1965 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நம் சமையலில் போடும் பண்டான் இலையும் அந்தத் தாழைக் குடும்பம்தான். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சேர்ந்த குடும்பத்தையும் அவர் ஆராய்ந்தார்.

தாள் படமாகும் விதம்

கேமராவை எடுத்து ‘கிளிக்’ செய்தால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. முதலில் மாதிரிகளை உறைபெட்டியில் சில நாள் வைப்பார்கள். பூச்சி, முட்டை எல்லாம் அதில் சாகும். பழைய தாள்களைத் தொடக் கையுறை வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாதரசக் குளோரைடு என்ற நஞ்சைப் பூசியிருக்கிறார்கள். உதிர்ந்த விதை, இலைத்துண்டு எல்லாம் தாளிலேயே ஒட்டிய சிறு காகித உறைக்குள் போகும். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பார்கோடு. அந்த எண்தான் அதற்கு அடையாள அட்டை.

படமெடுக்கும்போது தாளின் ஓரத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைப்பார்கள். அளவுகோல் இலையின் நீளத்தைச் சொல்லும். வண்ண அட்டை, கணினித் திரை நிறத்தை மாற்றிக் காட்டுகிறதா என்று சரிபார்க்க உதவும். சாதாரண ஸ்கேனரில் தாளைக் கவிழ்த்து வைத்தால் காய்ந்த பூ உதிர்ந்துவிடும். அதனால் ஸ்கேனரையே தலைகீழாகத் தொங்கவிட்டு, தாளை அடியிலிருந்து மேலே தூக்கிப் பிடிக்கும் கருவியைச் செய்தார்கள். லட்சக்கணக்கில் தாள் உள்ள இடங்களில் தொழிற்சாலை போல நகரும் பட்டையில் தாள்கள் ஓட, மேலே கேமரா படமெடுக்கிறது. பாரிஸிலும் நெதர்லாந்தின் லைடனிலும் அப்படித்தான் செய்தார்கள்.

அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற தரத்தில் ஏ3 தாளைப் படமெடுத்தால், சுருக்காத ஒரு கோப்பு சுமார் 200 மெகாபைட் வரும். 10,000 தாளுக்கு 2 டெராபைட். இரண்டு பிரதி வைத்தால் அது இரட்டிப்பு. சிறிய பல்கலைக்கழகங்கள் தயங்குவதற்குக் கேமரா விலை மட்டும் காரணமில்லை. இந்தக் கோப்புகளை ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் திறக்கும்படி பாதுகாக்க வேண்டும், அதற்கு ஆள் சம்பளம் ஆண்டுதோறும் வேண்டும்.

சீட்டில்தான் விஷயம்

படம் எடுப்பது பாதி வேலைகூட இல்லை. தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் செடியின் பெயர், பறித்த இடம், நாள், கடல்மட்டத்திலிருந்து உயரம், சேகரித்தவர் பெயர், அவர் கொடுத்த வரிசை எண், பூவின் நிறம் எல்லாம் இருக்கும். நிறத்தை எழுதியே ஆக வேண்டும். காய்ந்தால் சிவப்பும் நீலமும் பழுப்புதான். இந்தச் சீட்டைத் தட்டச்சு செய்து தேடக்கூடிய பட்டியலாக்கினால்தான் தொகுப்பு உண்மையில் திறந்ததாகும். அச்செழுத்தைக் கணினி ஓரளவு நன்றாகவே படிக்கிறது. காட்டில் பென்சிலால் கிறுக்கிய கையெழுத்தில் தடுமாறுகிறது. அதனால் பாரிஸ் அருங்காட்சியகத்தின் ‘லே எர்போனோட்’, அமெரிக்காவின் ‘நோட்ஸ் ஃபுரோம் நேச்சர்’, ஆஸ்திரேலியாவின் ‘டிஜிவோல்’ போன்ற தளங்களில் பொதுமக்களே வீட்டிலிருந்தபடி சீட்டுகளைப் படித்துத் தட்டச்சு செய்கிறார்கள்.

நம் நாட்டுச் சீட்டுகளில் பெரிய சிக்கல் ஊர்ப் பெயர். பழைய சீட்டில் ‘தெலுக் ஆன்சன்’ என்று இருக்கும். 1982 முதல் அது தெலுக் இந்தான். ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’ இன்று செபராங் பிறை. இவை அரசாங்கம் மாற்றிய பெயர்கள் என்பதால் ஆவணத்தில் தேடிப் பிடித்துவிடலாம். ‘15-ஆவது மைல்’ என்று மட்டும் எழுதியிருந்தால்? எந்தச் சாலையில், எங்கிருந்து எண்ணிய மைல்? சாலையே வேறு பக்கம் திரும்பியிருக்கும். தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தால் இன்னும் சிரமம். தோட்டம் கைமாறியிருக்கும், இரண்டாகப் பிரிந்திருக்கும், பால்மரம் போய்ச் செம்பனை வந்திருக்கும், அதுவும் போய் வீடமைப்புப் பகுதியாகியிருக்கும். வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால்தான் ‘இந்தச் செடி இங்கே இருந்தது, இன்று இல்லை’ என்று ஆய்வாளர் சொல்ல முடியும். இடம் தெரியாத சீட்டு அந்தக் கணக்கில் சேராது.

இந்த இடத்தில் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். எந்தத் தோட்டம் எந்த ஆற்றோரம், எத்தனையாவது டிவிஷன் எங்கே இருந்தது, மேல்கணக்கு எது, கீழ்க்கணக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. என் பாட்டி தன் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கடைசிவரை சரியாகச் சொன்னதே இல்லை. ஆனால் அங்கிருந்த ஒவ்வொரு பாலத்தையும் சொல்வார். அவரிடம் கேட்டு நான் எழுதி வைக்கவில்லை.

சீட்டில் யார் பெயர் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 1880-களில் பேராக் காடுகளில் ஹெர்மன் குன்ஸ்ட்லர் என்பவர் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோர்ஜ் கிங்குக்காக ஏராளமான செடிகளைச் சேகரித்தார். சீட்டில் இருப்பது ‘டாக்டர் கிங்கின் சேகரிப்பாளர்’ என்ற சொல்தான். ஐரோப்பியருக்கே அந்த நிலை என்றால் மரமேறியவர், சுமை தூக்கியவர், இரவெல்லாம் விறகடுப்பில் தாள் காயவைத்தவர் ஆகியோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கோர்னர், உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறிக்க பெரோக் குரங்குகளைப் பழக்கினார். அந்தக் குரங்குகளின் பெயர்கள் நூலில் இருக்கின்றன! இப்போது ‘பயோனோமியா’ என்ற தளம், இணையத்தில் உள்ள மாதிரிகளை அவற்றைச் சேகரித்த மனிதர்களோடு இணைக்கிறது. விடுபட்ட சில பெயர்களாவது அதன்வழி மேலே வரலாம்.

சீட்டு பொய் சொன்ன கதையும் உண்டு. கினபாலு மலையில் மட்டும் வளரும் ஒரு ஸ்லிப்பர் ஆர்கிட்டை 1887-இல் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்த சாண்டர் நிறுவனம், அது நியூகினியிலிருந்து வந்தது என்று அறிவித்தது. போட்டியாளர்களைத் திசைதிருப்பத்தான். இன்று அதே காரணத்தைத் தலைகீழாக்கி, திருட்டுக்கு அஞ்சி, அரிய ஆர்கிட் போன்றவற்றின் சரியான இடத்தைப் பல தொகுப்புகள் இணையத்தில் மறைத்தே வெளியிடுகின்றன. மாவட்டம்வரைதான் தெரியும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படம் இருந்தால் தாள் எதற்கு?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் சுமார் 8,25,000 மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடி, வேறு இடங்களுக்கு அனுப்பப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. உலகத் தாவரவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். ‘எல்லாம்தான் ஸ்கேன் செய்தாகிறதே’ என்று நிர்வாகங்கள் நினைக்கத் தொடங்கினால் ஆபத்து. காய்ந்த இலையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கலாம். இலையின் அடிப்பகுதி மயிரை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் காற்றில் என்ன மாசு இருந்தது என்றுகூடக் கண்டறியலாம். படத்திலிருந்து இவை எதுவும் வராது.

மறுபக்கமும் உண்டு. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியம் எரிந்தது. 1945-இல் மணிலா தொகுப்பு போரில் அழிந்தது. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் காட்டும் தாளை ‘மூல மாதிரி’ என்பார்கள். அப்படிப்பட்ட தாள்களும் அவற்றோடு போயின. வேறு நாடுகளுக்கு முன்பே அனுப்பியிருந்த இரட்டைப் பிரதிகளை வைத்துத்தான் பிலிப்பைன்ஸ் தாவரங்களின் பெயர்களை மீண்டும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அன்று ஒரு படம் இருந்திருந்தால்கூட உதவியிருக்கும்.

வீட்டிலிருந்தே பார்க்க

கோப்பன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 முதல் இயங்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தகவல் தளம் இலவசம். 300 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. அறிவியல் பெயரை இட்டு, நாடு மலேசியா அல்லது சிங்கப்பூர் என்று தேர்ந்து, ‘பாதுகாக்கப்பட்ட மாதிரி’, ‘படம் உள்ளது’ என்ற இரண்டையும் சொடுக்கினால் தாள்கள் வரும். முதலில் பால்மரத்தைத் தேடிப் பாருங்கள்: ஹெவியா பிரேசிலியென்சிஸ். 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து நம் முன்னோரின் வாழ்க்கையையே மாற்றிய மரம்.

கறிவேப்பிலையைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். 1771-இல் லின்னேயஸ் வைத்தது பெர்கெரா கோனிகீ. 1825-இல் முராயா கோனிகீ ஆனது. இப்போது பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். பெயரை மாற்றும் ஆய்வாளர் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, பக்கத்தில் புதுச்சீட்டு ஒட்டுவார். ஒரே தாளில் நான்கு சீட்டு இருந்தால் குழம்ப வேண்டாம். கடைசித் தேதி உள்ளதைப் பாருங்கள்.

‘ஜேஸ்டோர் குளோபல் பிளாண்ட்ஸ்’ தளத்தில் மூல மாதிரிகளின் துல்லியமான படங்கள் உண்டு. ஆனால் முழு அளவில் பார்க்கச் சந்தா வேண்டும். ஏழை நாட்டுக் காடுகளிலிருந்து போன செடியைப் பார்க்க அந்நாட்டு மாணவரே பணம் கட்டுவது எந்த நியாயம் என்று தெரியவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் சந்தா இருந்தால் அங்கிருந்து பார்க்கலாம்.

ஒரு பதிவில் ஊரின் இடம் தவறாக இருப்பது தெரிந்தால், ஜிபிஐஎஃப் பக்கத்திலேயே கருத்துத் தெரிவிக்கும் பொத்தான் உண்டு. பார்கோடு எண்ணைக் குறிப்பிட்டு, சரியான இடத்தையும் அது எப்படித் தெரியும் என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் போதும். உரிய நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

தாளையே நேரில் பார்க்க விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். ஹெர்பேரியம் காட்சிக்கூடம் அல்ல. பெயர் கேட்பதற்காகப் புதிதாகப் பறித்த கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே நுழையாதீர்கள். சிகரெட் வண்டு என்ற சின்னப் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு போனால், நூறாண்டுத் தாளையும் தின்று தூளாக்கிவிடும். கிளையை வாசலிலேயே கொடுத்தால் அவர்கள் முதலில் அதை உறைபெட்டியில் வைப்பார்கள்.