அட்டைக்குள் அடைபட்ட இரகசியம்

2006ஆம் ஆண்டு, கிருலப்பனையில் வாடகை வீடொன்றில் குடியிருந்தபோது, பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவினேன். திரை வந்தது, ஒலி வந்தது, தமிழ் எழுத்தும் வந்தது. கம்பியில்லா இணைப்பு மாத்திரம் வரவில்லை. கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்காக இரவில் நீண்ட வலைக்கம்பியை ஹோலுக்குக் குறுக்கே இழுத்துச் செல்வேன். வீட்டார் எவரும் தடுக்கி விழாதது அதிர்ஷ்டம்.

அட்டை பழுதென்றே நம்பினேன். விவரமறிந்த நண்பர் ஒருவர் வந்து 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையை அடித்துக் காட்டினார். பட்டியலில் அட்டை இருந்தது. அதனோடு பேசத் தெரிந்த ட்ரைவர்தான் இருக்கவில்லை.

வன்பொருளுக்கும் இயங்குதளத்தின் கருவுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளன் ட்ரைவர். அதனை எழுத அட்டையின் உள்விவரம் தெரியவேண்டும். சில்லு உற்பத்தியாளர் பலர் விண்டோசுக்கு ட்ரைவர் தந்தனர். விவரத்தைத் தர மறுத்தனர். மூலநிரலைத் திறந்தால் எவரும் அனுமதியற்ற அலைவரிசையிலும் வலுவிலும் ஒலிபரப்பக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. அந்த அச்சம் முழுப்பொய்யன்று. ஆனால் பணங்கொடுத்து வாங்கியவன் தன் பொருளைத் தானே இயக்க முடியாமல் நின்றதும் பொய்யன்று.

சிலர் விண்டோஸ் ட்ரைவரையே லினக்ஸ் கருவுக்குள் ஏற்றி ஓட்டும் 'என்டிஸ்ராப்பர்' என்ற மென்பொருளை எழுதினர். என் கம்பியைச் சுருட்டி வைக்க உதவியதும் அதுவே.

ஆயினும் என்னைக் கவர்ந்தது புரோட்கொம் சில்லுகளின் கதைதான். ஒரு குழுவினர் ஏற்கெனவே இருந்த ட்ரைவரைப் பிரித்து ஆராய்ந்து, கண்டதை விவரணமாக மட்டும் எழுதினர். மற்றைய குழுவினர் அந்த விவரணத்தை வைத்தே புதிய ட்ரைவரை எழுதினர். பதிப்புரிமை வழக்குக்கு இடம் வைக்காத ஏற்பாடு. கதவை மூடிக்கொண்ட அமைச்சுக்களிலிருந்து செய்தி எடுத்துப் பழகிய எனக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றவில்லை. 2006 ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.17இல் அந்த ட்ரைவர் சேர்ந்தது. எனினும் அட்டைக்குள் ஏற்றவேண்டிய ஃபேர்ம்வெயாரைப் பகிர அனுமதி இருக்கவில்லை. நிறுவனத்தின் ட்ரைவர் கோப்பிலிருந்து அதனைப் பாவனையாளரே வெட்டியெடுக்க வேண்டியிருந்தது!

எதெரோஸ் சில்லுகளில் மூடியிருந்த பகுதிக்கு மாற்றாக ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ரைக் ஃப்ளோட்டர் திறந்த நிரலொன்றை எழுதினார். 2008 ஜூலையில் எதெரோஸ் நிறுவனமே 'ஏடிஎச்9கே' என்ற திறந்த ட்ரைவரை வெளியிட்டது. அதன் பராமரிப்பாளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களைக் கண்டபோது சற்று நேரம் வாசிப்பை நிறுத்தினேன். 2010 செப்டெம்பரில் புரோட்கொம் நிறுவனமும் தன் புதிய சில்லுகளுக்கான ட்ரைவரின் மூலநிரலைத் திறந்தது.

இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவியவுடன் கம்பியில்லா இணைப்பு வந்துவிடுகிறது. ஃபேர்ம்வெயார் மட்டும் பல அட்டைகளுக்கு இன்னும் மூடிய கோப்பாகவே வருகிறது. அதனைப் பகிர அனுமதி உண்டு. உள்ளே எழுதியிருப்பதை வாசிக்க வழியில்லை.