மதுரைப் பாத நோய்: காலில் வலியற்ற வீக்கமும் அதற்குக் காரணமான மண் பாக்டீரியாக்களும்

காலில் முள் தைத்துப் பல மாதங்கள் கழித்து அதே இடத்தில் வலியற்ற கட்டி தோன்றி, மெல்லப் பெரிதாகி, அதன் துளைகளிலிருந்து சீழுடன் சிறு குருணைகள் வெளியேறினால், அது மைசிட்டோமா எனப்படும் மதுரைப் பாத நோயாக இருக்கக்கூடும். இந்நோய் சிலருக்குப் பாக்டீரியாவாலும் சிலருக்குப் பூஞ்சையாலும் உண்டாகிறது. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பினும் இரண்டிற்கும் மருந்து வேறு. ஆகவே, கிருமி எது என்பதை அறிந்துகொள்வதே சிகிச்சையின் முதற்படியாகும்.

பெயர் வந்த விதம்

கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே உள்ள மதுரையின் மருந்தகத்தில் 1842-ஆம் ஆண்டு கில் என்னும் மருத்துவர் இந்நோயைப் பதிவு செய்தார். 1846-இல் கோல்புரூக் என்பவர் இதற்கு மதுரைப் பாதம் என்னும் பெயரைப் பயன்படுத்தினார். பின்னர் பம்பாயில் பணியாற்றிய வாண்டைக் கார்ட்டர், இதனைப் பூஞ்சைக் கட்டி என்னும் பொருளில் மைசிட்டோமா என அழைத்தார். 1894-இல் வின்சென்ட் என்னும் ஆய்வாளர், இந்நோயை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன் பெயரில் மதுரையைச் சேர்த்தார். அது இன்று ஆக்டினோமதுரா மதுரே என வழங்கப்படுகிறது. அது பூஞ்சை அன்று, பாக்டீரியா.

யாருக்கு இந்நோய் வரக்கூடும்?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய கரிசல் பகுதிகளில் மானாவாரி வேளாண்மையும் ஆடு மேய்த்தலும் பரவலாக உள்ளன. கருவேல முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் காலில் தைப்பது இங்கு அன்றாட நிகழ்வு. மண்ணில் வாழும் கிருமி, முள்ளின் வழியாகத் தோலுக்கு அடியில் சென்று தங்குகிறது. வெறுங்காலுடன் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் பணிபுரிவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாது. நோயாளியைத் தனிமைப்படுத்தத் தேவையில்லை. கொசுவின் மூலம் பரவும் யானைக்கால் நோயும் இதுவும் ஒன்றல்ல.

பூஞ்சையைப் போல் தோன்றும் பாக்டீரியா

பாக்டீரியாக்கள் அனைத்தும் உருண்டையாகவோ குச்சியாகவோ இருப்பதில்லை. ஆக்டினோமதுரா, நொகார்டியா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆகிய இனங்கள் கிளைத்த இழைகளாக வளர்கின்றன. முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளையும், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்தையும் தந்தவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களே. இவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை.

இழை வடிவத்தால் இவை நீண்ட காலம் பூஞ்சையாகக் கருதப்பட்டன. ஆயினும் செல்லின் அமைப்பு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பூஞ்சையின் செல்லில் சவ்வால் சூழப்பட்ட உட்கரு உண்டு. பாக்டீரியாவில் அது இல்லை. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உள்ளது. இந்தப் பாக்டீரியாக்களில் அது இல்லை. பூஞ்சை இழைகளைவிடப் பாக்டீரியா இழைகள் மிக மெல்லியவை. ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமன் உடையவை. ஆக்டினோமதுராவின் செல்களில் காணப்படும் ஒருவகைச் சர்க்கரைக்கு மதுரோஸ் என்றே பெயர். அது இக்கிருமியை இனங்காண உதவுகிறது.

இவ்வேறுபாடு ஏன் முக்கியம்?

பூஞ்சைக்குத் தரப்படும் இட்ரகொனசோல், எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுத்துச் செயல்படுகிறது. எர்கோஸ்டிரால் இல்லாத பாக்டீரியாவிடம் அதற்கு வேலையில்லை. மாறாக, அமிக்காசின், ஜென்டாமைசின் போன்றவை பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இடத்தைத் தாக்குகின்றன. கோட்ரைமாக்சசோல் அது போலேட் தயாரிப்பதைத் தடுக்கிறது. இவை பூஞ்சையைக் குணப்படுத்தா. தவறான மருந்தில் மாதங்கள் கழிந்தால் நோய் எலும்பு வரை ஊடுருவக்கூடும்.

பாக்டீரியாவால் வரும் வகை, பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றி மருந்தினாலேயே குணமாகிறது. பூஞ்சை வகைக்கு மருந்துடன் அறுவை சிகிச்சையும் தேவைப்படுவதுண்டு. எனவே, பாதத்தை நீக்க வேண்டும் எனக் கூறப்பட்டால், கிருமியின் வகை உறுதி செய்யப்பட்டதா என மருத்துவரிடம் கேட்டறிவது உங்கள் உரிமையாகும்.

என்னென்ன பரிசோதனைகள் செய்யப்படும்?

• வெளியேறும் குருணைகளை நுண்ணோக்கியில் பார்த்தல். கருநிறக் குருணை பூஞ்சையையும், சிவப்பு நிறக் குருணை பாக்டீரியாவையும் குறிக்கும். வெண்ணிறக் குருணை இரண்டிலும் வரலாம். ஆதலால் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது.
• ஆழமான தசைத்துணுக்குப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புப் பரிசோதனையும்.
• எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். பொறுமை காக்கவும்.

சிகிச்சையின்போது கவனிக்க வேண்டியவை

• சிகிச்சை பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். புண் ஆறியவுடன் மருந்தை நிறுத்தக்கூடாது.
• அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகள் செவித்திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். காதில் இரைச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் உடனே தெரிவிக்கவும்.
• சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளோர் முன்கூட்டியே கூற வேண்டும். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுகவும்.
• பராமரிப்பாளர்கள் மருந்து உட்கொண்ட நாட்களைக் குறித்து வைப்பதும், மாதம் ஒருமுறை வீக்கத்தின் அளவைப் படம் எடுத்து வைப்பதும் பயனளிக்கும்.

தடுக்கும் வழிகள்

தடித்த அடிப்பாகமுள்ள காலணி அணியவும். முள் தைத்தால், கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்த முள்வாங்கியால் அகற்றி, சோப்பும் நீரும் கொண்டு கழுவவும். முள் ஒடிந்து உள்ளே தங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். தடுப்பூசி தேவையா எனவும் கேட்கவும். கட்டியை வீட்டிலேயே கீறுதல், சூடு வைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

வலியில்லை என்பதாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் தாமதிக்கின்றனர். பாதத்திலோ கையிலோ சில வாரங்களில் கரையாத கட்டி இருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். தேவைக்கேற்ப தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரை பெறலாம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கட்டி சிறிதாக இருக்கும்போதே பரிசோதித்துக்கொள்வது பாதத்தைக் காக்கும்.